செத்தவீட்டில் சொல்லாமல் கிளம்பினேன்

என் மனைவிக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளுடைய அப்பா சிறுவனாக அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர். கூடவே அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் ஆக்லாந்தில் இறங்கி, கலியாணம் கட்டி, பெருகி, இப்போது எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் காசு வாங்குகிற பிள்ளை அவளை உற்றுப் பார்த்து, "நீங்கள் எங்கட அம்மாவுக்குக் கசின் எல்லோ?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். ஆனால் அவர்கள் கதைக்கிற வேகமும் கிண்டலும் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே வந்து விழும். ஆகவே அப்படியே எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரிந்தால் ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள். தங்கள் கதையை யார் எந்தப் பாஷையில் சொன்னாலும் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

நான் கூச்சக்காரன். டெயரி என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போனால்கூட உள்ளே வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினார்கள், பிறகு நாங்களே அகதிகளாகி வேறு பள்ளிக்கூடங்களில் போய்த் தங்கினோம். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் நிறையப் பள்ளிக்கூடங்களில் இருந்திருக்கிறேன். படிக்கத்தான் இல்லை.

ஒடாஹுஹுவில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்தேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மெஷின் மடித்துவிடும். கலியாண மண்டபங்களிலிருந்து வருகிற நீளமான மேசை விரிப்புகள் மெஷினுக்கு அடங்காது. அவற்றை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். என்னோடு மடிக்கிறவர் ஒரு ஃபிஜிக்காரர். அவருக்குப் புகைக்கப் போகிற பழக்கம் அதிகம். அவர் வெளியே போன நேரமெல்லாம், துணி ஏற்ற வான் ஓட்டிக்கொண்டு வந்து காத்திருக்கிறவள், இப்போது என் மனைவி, மறுமுனையைப் பிடித்தாள்.

துணி மடிப்பில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இருவரும் விரித்துப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு ஒருவர் கீழ் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். திரும்ப நடந்து வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் துணி குறுகும், தூரம் குறையும். நான் தரையைப் பார்த்தபடி நடப்பேன். அவள் என்னைப் பார்த்தபடி நடப்பாள்.

"நிலத்தில என்ன விழுந்து கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"அப்ப மேல பாரும். இங்கதான் ஆள் நிக்குது."

கணவனை இழந்து பல வருடங்களானவள். சிரித்தால் மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும். ஃபிஜிக்காரர் நாளுக்கு நாள் அதிகம் புகைக்கத் தொடங்கினார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒருநாள் கடைசி மடிப்பில், எங்களுக்கு நடுவே ஒரு தலையணை அளவு துணி மட்டும் இருந்தபோது, கலியாணம் செய்துகொள்வோமா என்று கேட்டுவிட்டேன். எனக்குள் இருந்து வேறு யாரோ கேட்டது போல இருந்தது.

அவள் துணியை என் கையில் வைத்தாள்.

"எங்கட ஆக்கள் முதலில உம்மைப் பாக்கட்டும். அதுக்குப் பிறகு சொல்லுறன்."

"எப்ப பாப்பினம்?"

"எல்லாரும் ஒண்டாய் வாறதெண்டால் ஆரும் செத்தால்தான்."

யாரும் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் வீட்டில் யாருக்காவது சளி என்று சொன்னால் என் காது கொஞ்சம் கூர்மையானது உண்மைதான்.

கடைசியில் அவளுடைய பெரியப்பா செத்துப்போனார். தொண்ணூறைத் தாண்டியவர். சாய்நாற்காலியில் இருந்து ரேடியோவில் குதிரை ஓட்டம் கேட்டுக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். அவர் காசு கட்டிய குதிரை அந்த நேரம் முன்னால் ஓடியதாம். அது வென்றது தெரியாமல் போய்விட்டாரே என்பதுதான் குடும்பத்துக்கு இருந்த பெரிய துக்கம்.

பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில், கடல் தெரிகிற சரிவில் அவர் வீடு. நான் வெள்ளைச் சட்டை போட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். நான் அறிந்த செத்தவீட்டில் அழுகை படலைக்கு வெளியே கேட்கும். இங்கே தெரு முனைவரை சிரிப்புக் கேட்டது. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று இலக்கத்தைத் திரும்பப் பார்த்தேன்.

கூடத்தின் நடுவே பெட்டி திறந்திருந்தது. பெரியப்பா பஸ் டிரைவர் தொப்பியோடு படுத்திருந்தார். பக்கத்தில் அந்த ரேடியோ. அவரைச் சுற்றி மேசையிலும் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள். செம்பட்டை முடிக்காரர் கொஞ்சம் பேர்தான். அதே செம்பட்டைச் சுருளோடு மாநிறப் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். அவளுடைய அக்காவின் கணவர் ஒரு சமோவாக்காரர், கதவை அடைக்கிற உடம்பு. பக்குரங்காவிலிருந்து வந்த ஒரு கசினின் மனைவி சீனப்பெண், பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார். அயர்லாந்துக் குடும்பம் என்று பயந்து பயந்து போனவனுக்கு, உலகத்தில் பாதி அங்கே இருந்ததைக் கண்டு கொஞ்சம் தைரியம் வந்தது.

எல்லாரும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பஸ் ஓட்டிய காலத்தில், வழியில் தன் வீட்டு வாசலில் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பாராம். பயணிகள் பொறுமையாக இருப்பார்களாம். மழை நாளில் அவர்களையும் உள்ளே கூப்பிடுவாராம். அப்படி வந்த ஒரு பெண் அடுத்த பஸ்ஸிலும் வந்தாளாம். பிறகு போகவே இல்லையாம். அவர்தான் பெரியம்மா.

"அண்டைக்கு மழையே இல்லை," என்றார் ஒருவர்.

"நீ அப்ப பிறக்கவே இல்லையடா."

"பிறக்காட்டி என்ன? வெயில் எண்டு அப்பா சொன்னவர்."

"உன்ர அப்பா அந்த பஸ்ஸிலயே இல்லை. அவர் நடந்து போனவர். காசு குடுக்க மனமில்லாமல்."

சமையலறை வரைக்கும் சிரிப்பு உருண்டு போனது. பெட்டிக்குள் இருந்தவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடப்பது போலவே எனக்குப் பட்டது.

அவளுடைய அக்கா என்னிடம் வந்தார். அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும் நடத்துகிறவர் அவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிதானோ அந்தத் துணி மடிக்கிற ஆள்?"

"ஓம்."

"வேற கதை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"நல்லது. இங்க எல்லாரும் கதைக்கிற ஆக்கள்தான். கேக்கத்தான் ஆளில்லை. போய்ப் பெரியப்பாவோட இரும்."

அவர்கள் வழக்கத்தில் பிரேதத்தைத் தனியே விடக்கூடாது. பெட்டி மூடும்வரை யாராவது ஒருவர் மாறி மாறிப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு முறை தந்ததை ஒரு கௌரவமாகத்தான் தந்தார். நான் அதை ஒரு விடுதலையாக எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் என்னை ஒன்றும் கேட்காத ஒரே ஆள் பெரியப்பாதான். வெகு நேரம் நிம்மதியாக இருந்தோம்.

கஷ்டம் தேநீரால் வந்தது. கடந்து போகிறவர்கள் எல்லாரும் என் கையில் ஒரு கோப்பை தேநீர் வைத்தார்கள். பிரேதம் கிடக்கிற வீட்டில் நான் வாய் நனைக்க மாட்டேன். அப்படித்தான் வளர்ந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். ஒரு கோப்பையைப் பூச்சாடிக்குப் பின்னால் வைத்தேன். வெறுங்கையைக் கண்டு அடுத்தவர் இன்னொன்று தந்தார். அது நான் இருந்த கதிரைக்குக் கீழே போனது. மூன்றாவது, மெழுகுதிரிக்குப் பக்கத்தில். பிறகு எண்ணவில்லை.

எனக்குத் தெரியாத இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. வீட்டில் நல்ல செய்தி ஏதாவது இருந்தால் பெட்டி மூடுவதற்கு முன்னால் இறந்தவருக்குச் சொல்லிவிட வேண்டும். அவர் அதை முன்னால் போனவர்களிடம் கொண்டுபோவார். பிள்ளை பிறக்கப் போகிறது, வீடு வாங்கப் போகிறோம், கலியாணம். எதுவானாலும் சம்பந்தப்பட்ட எல்லாரும் பெட்டிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். பெட்டி மூடிய பிறகு அந்தச் செய்தி அடுத்த சாவு வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஆறு மணிக்குச் சுவாமியார் வந்து செபம் சொன்னதும் மூடி வைப்பதாக இருந்தது.

நான் பெரியப்பாவோடு இருந்த இருப்பைச் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம் அவள். அங்கேயே முடிவு செய்துவிட்டாளாம். எனக்குச் சொல்லவில்லை. திடீரென்று சொல்லி என் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள்.

நாலரை மணிபோல அவளுடைய மாமி வந்தார். அப்பாவின் கடைசித் தங்கை. அயர்லாந்தில் பிறந்தவர்களில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள்.

"எழும்பு ராசா. உன்ர முறை முடிஞ்சுது. நான் இருக்கிறன்," என்று என் தோளில் தட்டினார்.

எழுந்தேன். வந்த காரியம் முடிந்தது. செத்தவீட்டிலிருந்து நாங்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. போயிட்டு வாறன் என்று சாவுக்குச் சொல்லலாமா? ஆகவே யாருடைய முகத்தையும் பார்க்காமல், பெரியப்பாவுக்கு மட்டும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்கதவால் வெளியேறி பஸ் பிடித்தேன். மிகச் சரியாக நடந்துகொண்டேன் என்று எனக்குப் பெருமைகூட.

நான் போன பிறகு அங்கே நடந்ததை அவளுடைய அக்கா இன்றைக்கும் கூட்டங்களில் நடித்துக் காட்டுவார்.

அவள் ஒரு கதிரையில் ஏறி நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினாளாம். வீடே அடங்கியதாம்.

"பெரியப்பா, கேளும். நான் திரும்பவும் கலியாணம் கட்டப் போறன். மாப்பிள்ளை ஆரெண்டால், இந்தா, உமக்குப் பக்கத்தில இருக்கிறார்!"

கையை நீட்டிக் காட்டினாளாம். பக்கத்தில் மாமி இருந்தாராம்.

"எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றாராம் மாமி.

பிறகு தேடுதல் தொடங்கியது. குளியலறை, அலுமாரி, தோட்டத்துக் கொட்டில். பிள்ளைகள் கடற்கரை வரை ஓடினார்கள். அப்போதுதான் ஒருவர் பூச்சாடிக்குப் பின்னால் கோப்பையைக் கண்டார். பிறகு கதிரைக்குக் கீழே. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பெட்டியைச் சுற்றி வரிசையாக வைத்தார்கள். எல்லாம் நிரம்பியபடி, ஆறிப்போய்.

"எங்கட தேத்தண்ணியையே குடிக்காதவன் உன்னைக் கட்டுவானோ?" என்று யாரோ கேட்டாராம். அவள் கதிரையிலிருந்து இறங்கினாளாம். அந்த இடத்தில் மட்டும் அக்கா நடிக்க மாட்டார்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒடாஹுஹுவுக்கு வந்து, போனை வெளியே சப்பாத்துக்குள் வைத்துவிட்டு, போட்ட உடுப்பை வாளியில் ஊறப் போட்டு, தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தேன். சாரத்தைக் கட்டிக்கொண்டு சோறு போடப் போன நேரம் யாரோ கதவை இடித்தார்கள்.

திறந்தேன். அக்கா, சமோவாக்காரர், அவர்களுக்குப் பின்னால் அவள். சப்பாத்துக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தது அவள்தான். கையில் போனோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் தம்பி ஓடினனீர்?" என்றார் அக்கா.

"நான் ஓடேல்லை. பஸ்ஸிலதான் வந்தனான்."

சமோவாக்காரர் சிரிப்பை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை. கதவுநிலை அதிர்ந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. சொல்லாமல் போவதுதான் மரியாதை என்றேன். போயிட்டு வாறன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்பது போல ஆகிவிடும் என்றேன். பிரேதம் கிடக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, வந்து தோயாமல் ஒன்றையும் தொடுவதில்லை என்றேன். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லையோ, புரோ?" சமோவாக்காரர் கேட்டார்.

"இல்லை."

அவருடைய சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் கேட்டதிலேயே அதுதான் பெரிய துயரம். நேராக என் குசினிக்குள் போய்ச் சோற்றையும் பருப்பையும் போட்டுக் கொண்டுவந்து, "வானுக்குள்ள இருந்து சாப்பிடும்," என்று தட்டை என் கையில் திணித்தார்.

அவள் இப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் அத்தனை பேருக்கு முன்னால சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"உம்மைக் கட்டப் போறன் எண்டு."

நான் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு மணிக்குப் பெட்டி மூடப் போகினம்," என்றாள். "நீரும் நிண்டு சொன்னால்தான் அது சொன்ன மாதிரி. வாறீரோ?"

"தோய்ஞ்சிட்டனே."

"வந்து திரும்பத் தோயும்!"

என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. சமோவாக்காரர் வானுக்குள்ளிருந்து தன் சட்டை ஒன்றைத் தந்தார். சிவப்பில் பெரிய பெரிய வெள்ளைப் பூக்கள். அது எனக்கு முழங்கால் வரை வந்தது. அவர் வானை ஓட்டிய ஓட்டத்தில் நான் பருப்பைப் பாதி மடியிலும் பாதி வாயிலும் வாங்கினேன். பக்கத்தில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். அக்கா சிரித்தார். எனக்கும் பிடித்துக்கொண்டது. செத்தவீட்டுக்குப் போகிற வேறு எந்த வாகனமும் அப்படிக் குலுங்கியிருக்காது.

நாங்கள் உள்ளே ஓடியபோது சுவாமியார் செபத்தை முடித்துப் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மூடியைத் தூக்கிவிட்டார்கள்.

"சுவாமி, ஒரு நிமிசம்!" என்று அக்கா கத்தினார். "மாப்பிள்ளை வந்திட்டார்!"

மூடியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். வழி விட்டார்கள். வீடு முழுக்க ஆட்கள், அத்தனை கண்ணும் பூச்சட்டையில். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் ஒன்றாகக் காணாமல் போயின. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நான் அவர்கள் யாரையும் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்து, தமிழில் சொன்னேன்:

"பெரியப்பா, உங்கட பெறாமகளை நான் கலியாணம் கட்டப் போறன். வடிவாய்ப் பாத்துக்கொள்ளுவன். உங்கட குதிரை வெண்டிட்டுது."

மூடியைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன சொன்னவர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எந்தப் பாஷையில சொன்னால் என்ன?" என்றார் மாமி. "அங்க போய் ஆரிட்டயும் விசாரிச்சுக்கொள்ளுவார். மூடாதேங்கோ, நான் பிள்ளையைக் கொஞ்சோணும்."

அதற்குப் பிறகு என்னை யார் யார் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியாது. பூச்சட்டையின் ஒரு பொத்தான் போய்விட்டது. சுவாமியாரும் கைகொடுத்தார்.

"கலியாணம் எப்ப?" என்றார் அக்கா. அவருக்கு உடனே நாள் வேண்டும்.

"ஒரு வருசத்துக்குப் பிறகு," என்றேன் நான். "சாவு நடந்த குடும்பத்தில ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் செய்யிறேல்லை."

மாமி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ராசா, இந்தக் குடும்பத்தைச் சுத்திப் பார். எத்தினை பேர்? ஆரும் சாகாமல் ஒரு வருசமாவது எங்களுக்குப் போனதோ? அடுத்தது நான்தான். அதுக்குப் பிறகு உவன், அந்தத் தொந்திக்காரன். நீ காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பாய்."

தொந்திக்காரர் ஓம் என்று தலையாட்டினார்.

எனக்குத் துடக்குக் கணக்கு, சாவுத் தீட்டு எத்தனை நாள் என்பது, முழுவதும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே மத்தியானம். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். நான் விஷயத்தைச் சொல்ல, ஒரு சொல்லும் விளங்காமல் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"செத்தவர் உனக்கு என்ன முறையடா?" என்றாள் அக்கா.

"இப்ப ஒண்டும் இல்லை."

"பெட்டை உண்மையாவே ஓம் எண்டு சொல்லிப்போட்டாளோ?"

"ஓம்."

"உன்னைப் பாத்த பிறகும்?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் எனக்குப் போன் எடுத்துக் காசைச் சிலவழிக்கிறாய்? முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிய, அவளுக்கு மனம் மாற முதல் கட்டு."

நான் மொழிபெயர்த்தேன். கடைசிப் பகுதியை விட்டுவிட்டுத்தான் மொழிபெயர்த்தேன். கேட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். மூடியைத் தூக்கி வைத்திருந்த இரண்டு பேர், கை வலிக்கிறது, இனியாவது வைக்கலாமா என்று கேட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, நாளையும் குறிச்சுச் சொல்லி அனுப்புவம்," என்றார் அவளுடைய அக்கா. சமையலறைச் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து பெட்டியின் கால்மாட்டில் விரித்தார். ஒருவருக்கு அந்தச் சனி ரக்பி, ஒருவருக்கு இந்தச் சனி வேலை. கத்திச் சண்டை பிடித்து, மாமி இடையில் புகுந்து, முப்பத்தொன்று கழிந்து மூன்றாம் சனிக்கிழமை என்று முடிவாகியது. பெரியப்பாவுக்குக் குனிந்து சொன்னார்கள். பிறகுதான் மூடி வைத்தார்கள்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலாம் சனிக்கிழமை என்று சொல்லியிருப்பேன்.